நாற்காலியில் அமர்ந்த பாலம்

நுழையும்முன்

நாள்தோறும் பாலங்களைக் கடக்கிறோம். மாடிகளில் ஏறி இறங்குகிறோம். அவை ஏன் விழாமல் நிற்கின்றன என்னும் கேள்வியைப் பொறியாளரிடம் விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். பெரும் விபத்து ஒன்றுக்குப் பின் மக்கள் அஞ்சியிருந்த காலத்தில், அக்கேள்விக்கான விடையைச் சமன்பாடு எதுவுமின்றி எல்லாருக்கும் விளங்கச் சொன்ன பொறியாளர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

பட்டறையில் பயின்றவர்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியிலுள்ள சாமர்செட் மாவட்டத்தில் ஃப்ரூம் என்னும் சிறுநகரம் உள்ளது. அங்கே 1840ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பெஞ்சமின் பேக்கர் பிறந்தார். தந்தையார் இரும்பாலைத் தொழிலோடு தொடர்புடையவர். செல்டன்ஹாம் நகரில் பள்ளிக்கல்வி பெற்ற பேக்கர், பதினாறாம் வயதில் வேல்ஸ் நாட்டின் நீத் ஆபி இரும்பாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் மாணவராக அவர் அடியெடுத்து வைத்ததில்லை. வார்த்த இரும்பு எப்போது வெடிக்கும், அடித்த இரும்பு எவ்வளவு வளையும் என்பனவற்றை உலைக்களத்தின் அருகே நின்று கண்ணாலும் கையாலும் கற்றார். பின்னாளில் கணித அறிஞர்களோடு வாதிட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டபோது, அந்நான்காண்டுப் பயிற்சியே அவருக்குத் துணை நின்றது எனலாம்.

1860ஆம் ஆண்டளவில் இலண்டன் வந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அக்காலத்துப் புகழ்பெற்ற தொடர்வண்டிப் பொறியாளரான ஜான் ஃபவுலரின் அலுவலகத்தில் இடம்பெற்றார். உலகின் முதல் நிலத்தடித் தொடர்வண்டிப் பாதையை இலண்டனில் அமைத்தவர் ஃபவுலர்; அப்பாதை 1863இல் திறக்கப்பட்டது. அதனை விரிவாக்கும் பணியில் பேக்கர் பல்லாண்டுகள் உழைத்தார். தெருவைத் தோண்டிச் சுவர் எழுப்பி, மேலே வளைவு கட்டி மூடுவது அன்றைய முறை. இருபுறமும் மாளிகைகள் நிற்க, நடுவே பள்ளம் தோண்டினால் மண் சும்மா இருக்குமா? அது பக்கவாட்டில் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பதற்கு நூல்களில் வாய்பாடுகள் இருந்தன. களத்தில் தாம் கண்ட சுவர்கள் அவ்வாய்பாடுகளுக்கு அடங்கவில்லை என்பதைப் பேக்கர் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். அக்குறிப்புகளைத் தொகுத்து 1881இல் பொறியாளர் கழகத்தின் முன் ஆய்வுரையாக அளித்தார்.

இதற்கிடையில், 1867இல், நீண்ட பாலங்களைப் பற்றி ஒரு தொடர் கட்டுரை எழுதியிருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அக்கட்டுரைகளின் அடிப்படைச் செய்தி எளிதே. பாலத்தின் முதல் எதிரி அதன்மீது ஓடும் வண்டியன்று. பாலத்தின் சொந்த எடையே ஆகும். குறுகிய ஓடைமீது பலகை போட்டால் பலகையின் எடை ஒரு பொருட்டன்று. நீளம் கூடக்கூடப் பலகை தன்னையே சுமக்கத் திணறும். அதனைத் தடிப்பாக்கினால் எடையும் கூடும். ஓர் எல்லைக்கு மேல், எவ்வளவு இரும்பைக் கொட்டினாலும் அவ்விரும்பு தன்னைத் தாங்கவே செலவாகிவிடும். ஆகவே, நீண்ட பாலம் கட்ட விரும்புவோர் இரும்பை மிகுதியாக இடுவதைவிட, எந்த இடத்தில் இடுவது என்பதை அறிய வேண்டும். எடையெல்லாம் தூணருகே திரண்டு, நடுப்பகுதி இலேசாக அமையும் வடிவமே நீண்ட இடைவெளிக்கு உகந்தது என்று அவர் கருதினார்.

எகிப்திலிருந்து கிளியோபாட்ராவின் ஊசி என வழங்கும் பழங்காலக் கல்தூணை இலண்டனுக்குக் கொண்டுவந்த முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு. அக்கல்லைச் சுற்றி உருளை வடிவில் இரும்புக் கலம் அமைத்து, அதனையே கடலில் மிதக்கவிட்டு இழுத்து வந்தனர். 1877 அக்டோபரில் பிஸ்கே விரிகுடாப் புயலில் கலம் தனியே பிரிந்தது. அதனைக் காக்கச் சென்ற மாலுமிகள் அறுவர் மாண்டனர். ஆளில்லாமல் அலைந்த கலமோ மூழ்கவில்லை. மறு ஆண்டு அக்கல் தேம்சு ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்டது.

டே பாலம் வீழ்ந்த இரவு

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடல் நிலத்துக்குள் நீண்டு புகுந்த கழிமுகங்கள் இரண்டு உள்ளன. வடக்கே இருப்பது டே. தெற்கே இருப்பது ஃபோர்த். எடின்பரோவிலிருந்து வடக்கே செல்லும் பயணியர் இரண்டு இடங்களிலும் தொடர்வண்டியை விட்டிறங்கிப் படகேற வேண்டியிருந்தது. இரண்டையும் பாலத்தால் இணைக்கத் தாமஸ் பௌச் என்னும் பொறியாளர் முன்வந்தார். டே பாலம் 1878இல் திறக்கப்பட்டது. அதற்காக அவர் சர் பட்டமும் பெற்றார். ஃபோர்த் கழிமுகத்தின்மீது அவர் வரைந்த தொங்கு பாலத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது.

1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. இரவில் கடும் புயல். தொடர்வண்டி ஒன்று டே பாலத்தின்மேல் சென்றுகொண்டிருந்தபோது நடுப்பகுதி முழுவதும் சரிந்து நீரில் வீழ்ந்தது. வண்டியில் இருந்தவருள் ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணைக் குழு, வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் குறைகள் இருந்தன என்று முடிவு செய்தது. பெரும்பழி பௌச் மேல் விழுந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். ஃபோர்த் தொங்கு பாலத் திட்டமும் கைவிடப்பட்டது.

அவ்விசாரணையில் பேக்கர் பௌச் தரப்பு வல்லுநராகச் சான்றளித்தார் என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. அன்றிரவு வீசிய காற்று பாலத்தைத் தள்ளிவிடும் அளவுக்கு வலியதன்று என்பது அவர் கருத்து. சுற்றுப்புறத்தில் சேதமின்றி நின்ற கட்டுமானங்களை அதற்குச் சான்றாகக் காட்டினார். குழு அதனை ஏற்கவில்லை. விபத்துக்குப் பின் புதிய விதி ஒன்று பிறந்தது: இனிப் பாலங்கள் சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 270 கிலோகிராம் என இதனைக் கொள்ளலாம். இது மிகை என்றே பேக்கர் எண்ணினார். எனினும் ஃபோர்த் பாலப் பணி ஃபவுலருக்கும் அவருக்கும் வந்தபோது, விதி கூறிய அளவிலேயே பாலத்தை வடிவமைத்தார்.

அதோடு நில்லாமல், கழிமுகத்தின் நடுவிலுள்ள இஞ்ச்கார்வி தீவில் காற்றழுத்தமானிகளை நிறுவினார். ஒன்று 300 சதுர அடிப் பரப்புள்ள பெரும்பலகை. மற்றவை ஒன்றரைச் சதுர அடியே உடையவை. ஆண்டுக்கணக்கில் அளந்ததில், சிறுபலகை காட்டிய அழுத்தத்தைவிடப் பெரும்பலகை காட்டியது குறைவாக இருந்தது. காற்று சுவர்போல் ஒருசேர வருவதில்லை. துண்டு துண்டாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக மோதுகிறது. வயற்காட்டில் காற்றடிக்கும்போது நெற்பயிர் எல்லாம் ஒரே நொடியில் சாயாமல் அலையலையாகச் சாய்வதைக் கண்டவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

அச்சம் போக்கும் பணி

புதிய வடிவத்தில் கோபுரங்கள் மூன்று. ஒவ்வொரு கோபுரமும் இருபுறமும் கைநீட்டி நிற்கும். அடுத்தடுத்த கோபுரங்களின் கைகள் ஒன்றையொன்று தொடா. அவற்றின் நுனிகளுக்கிடையே ஒரு சிறு பாலம் தொங்கவிடப்படும். ஒருமுனை உறுதியாகப் பிணிக்கப்பட்டு, மறுமுனை பிடிப்பின்றி வெளியே நீண்டிருக்கும் விட்டத்தைக் கேண்டிலீவர் என்பர். நம் வீட்டுச் சன்னலுக்குமேல் நீட்டியிருக்கும் சன்ஷேடு அவ்வகையினதே. சன்ஷேடு இரண்டடி நீளும். பேக்கரின் கைகளோ ஒவ்வொன்றும் 680 அடி நீளுபவை. இரு கைகளும் அவற்றிடையே உள்ள 350 அடி நடுவிட்டமும் சேர்ந்தால் 1710 அடி, அதாவது 521 மீட்டர். அவ்வளவு பெரிய இடைவெளியை அதற்குமுன் எந்தத் தொடர்வண்டிப் பாலமும் தாண்டியதில்லை.

எதிர்ப்பு எழுந்தது. எழுப்பியவர் சாதாரண மனிதரல்லர். அரசு வானியலாளராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்த ஜார்ஜ் பிடெல் ஏய்ரி, 1882இல் நேச்சர் இதழில் இத்திட்டத்தைக் குறைகூறி எழுதினார். நீண்ட எஃகு உறுப்புகள் அமுக்கம் தாளாமல் நெளிந்துவிடும் என்றும், காற்றின் வேகத்தில் நீண்ட கைகளுக்குத் தீங்கு நேரும் என்றும் அவர் அஞ்சினார். பேக்கர் விடையளித்தார். எனினும் நாடறிந்த கணித அறிஞர் ஒருபுறமும் கட்டுநர் மறுபுறமும் நின்று வாதிடுகையில் பொதுமக்கள் யாரை நம்புவர்? வீழ்ந்த பாலத்தின் தூண் அடிகள் டே நீரில் இன்னும் தெரிந்துகொண்டிருந்தன. பாலம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மக்கள் வண்டியேற மறுத்தால் அது பயனற்றது.

இந்நிலையில் பேக்கர் மேற்கொண்ட பணி ஒருவகையில் ஆசிரியப் பணியாகும். அறிவியல் மன்றங்களிலும் பொதுக்கூட்டங்களிலும் பாலத்தைப் பற்றிப் பேசினார். அவர் முன் அமர்ந்திருந்தோருள் பலர் வணிகர், எழுத்தாளர், மருத்துவர், இல்லத்தரசியர் போன்றோர். விசையின் கூறுகளைப் படித்தவரல்லர். இத்தகையோரிடம் சமன்பாடுகளைக் கொட்டினால் வியப்பர், விளங்கிக்கொள்ளார். விளங்காத வியப்பு அடுத்த புயலில் அச்சமாக மாறிவிடும்.

மனிதர் இருவரும் செங்கற்களும்

1887 மே 20, வெள்ளிக்கிழமை மாலை. இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேக்கர் உரையாற்றினார். பொதுமக்களுக்கு அறிவியலை எடுத்துரைக்க மைக்கேல் ஃபாரடே தொடங்கிவைத்த வெள்ளி மாலை உரைவரிசையில் அதுவும் ஒன்று. அவ்வுரையில் உயிருள்ள மாதிரி ஒன்றைக் கொண்டு பாலத்தை விளக்கினார். அதன் ஒளிப்படம் இன்றளவும் உலகெங்கும் கட்டுமானப் பாடங்களில் காட்டப்படுகிறது.

படத்தில் இரண்டு நாற்காலிகள் இடைவெளிவிட்டு வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் ஒருவர் அமர்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியிருக்கிறார். ஒவ்வொரு கையும் ஒரு கழியின் மேல்முனையைப் பற்றியுள்ளது. கழியின் கீழ்முனை நாற்காலியின் அடிப்புறத்தில் ஊன்றியுள்ளது. இருவரின் உட்புறக் கைகளுக்கும் நடுவே ஒரு பலகை தொங்குகிறது. அதன்மேல் மூன்றாமவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். வெளிப்புறக் கைகள் இரண்டும் கயிறுகளால் செங்கல் அடுக்குகளோடு பிணைக்கப்பட்டுள்ளன. அமர்ந்தவர் முகத்தில் சிரமம் ஏதும் தெரியவில்லை.

நடுவில் இருப்பவரின் எடை எங்கே செல்கிறது என்று பார்ப்போம். அவர் எடை இருவரின் உட்புறக் கைகளையும் கீழே இழுக்கிறது. கை கீழிறங்காமல் காப்பன இரண்டு: மேலே, தோளிலிருந்து நீண்ட கை கயிறுபோல் விறைத்து இழுபடுகிறது, கீழே, கழி நாற்காலியை நோக்கி அமுங்குகிறது. முன்னதை இழுவிசை என்றும் பின்னதை அமுக்கவிசை என்றும் கூறுவர். இவ்விரண்டும் சேர்ந்தே சுமையைத் தாங்குகின்றன. இனி, உட்புறம் மட்டும் இழுபட்டால் இருவரும் நடுவை நோக்கிக் கவிழ்ந்துவிடுவர். அவ்வாறு கவிழாமல் வெளிப்புறக் கையில் கட்டிய செங்கற்கள் மறுபக்கம் இழுத்துப் பிடிக்கின்றன. காவடித் தண்டின் ஒருபக்கப் பாரத்தை மறுபக்கப் பாரம் சமன்செய்வது போன்றதே இது. இறுதியில் எல்லாச் சுமையும் உடல் வழியாகவும் கழிகளின் வழியாகவும் நாற்காலிக்கு இறங்கி, நாற்காலிக் கால்களின் வழியே நிலத்தை அடைகிறது.

பேக்கர் இம்மாதிரியைக் காட்டியபின் அதனைப் பெரிதாக்கிக் கற்பனை செய்யுமாறு அவையோரை வேண்டினார். நாற்காலிகளுக்கு இடையே அரைக்கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. மனிதரின் தலை இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் உச்சிச் சிலுவையளவு உயரம். கைகளுக்கு மாற்றாகப் பின்னல் வேலைப்பாடு கொண்ட எஃகு விட்டங்கள். கழிகளுக்கு மாற்றாக அடியில் பன்னிரண்டு அடி விட்டமுள்ள எஃகுக் குழாய்கள். நாற்காலிக் கால்களின் இடத்தில் கருங்கல் தூண்கள். அவ்வளவே ஃபோர்த் பாலம்.

கைகளைப் பின்னல் விட்டமாகவும் கழிகளைக் குழாயாகவும் அவர் அமைத்ததற்குக் காரணம் உண்டு. கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியாது. இழுபடும் உறுப்பு மெல்லியதாக இருந்தாலும் இழுப்பினால் அது நேராகவே நிற்கும். அமுங்கும் உறுப்பு அப்படியன்று. மெல்லிய துடைப்பக் குச்சியைத் தரையில் ஊன்றி அழுத்தினால் நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்துவிடும். ஏய்ரி அஞ்சியது இந்த நெளிவையே. அதே அளவு பொருளை உள்ளீடற்ற குழாயாக்கினால் எளிதில் வளையாது. மூங்கில் தன் எடைக்கு மிஞ்சிய சுமையைத் தாங்குவது இதனால்தான். அமுங்கும் இடத்தில் குழாயும் இழுபடும் இடத்தில் பின்னலும் வைத்ததால், பாலத்தின் எந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதைத் தொலைவில் நிற்பவரும் வடிவைக் கொண்டே கூறிவிட முடிகிறது.

பொறியாளரல்லாத ஒருவர் அன்று அந்த உரையிலிருந்து எடுத்துச் சென்றது ஒரு படம் மட்டுமன்று. வீட்டுக்குச் சென்றபின் தாமும் இரு நாற்காலிகளை இட்டுச் சோதித்துப் பார்க்கலாம். தம் தோளில் இழுப்பையும் கழியில் அமுக்கத்தையும் தாமே உணரலாம். உடலால் உணர்ந்ததை எளிதில் மறப்பதில்லை. வகுப்பறையில் இதனைச் செய்து பார்ப்போர், செங்கற்களுக்குப் பதிலாகப் புத்தகப் பைகளைக் கட்டலாம். நடுவில் அமர்பவர் எடை குறைந்தவராக இருப்பது நலம். பலகை தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயரவேண்டா.

நடுவில் அமர்ந்திருந்தவர் ஜப்பானைச் சேர்ந்த வாத்தனபே கைச்சி. 1858இல் பிறந்து, டோக்கியோவில் பொறியியல் படித்து, பின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று, ஃபவுலர், பேக்கர் ஆகியோரிடம் பணியாற்றியவர். கைநீட்டிய பாலங்களை மரத்தால் முதலில் கட்டியவர்கள் ஆசிய நாட்டினர். அக்கடனை நினைவூட்டவே ஆசியரான அவரை நடுவில் அமர்த்தினர் என்பர். இமயமலைப் பகுதியில் நெடுங்காலமாக இருந்த இத்தகைய மரப்பாலங்களைப் பேக்கர் அறிந்திருந்தார். தம் வடிவம் முற்றிலும் புதிது என்று அவர் உரிமை கொண்டாடியதில்லை. வாத்தனபே 1888இல் தாய்நாடு திரும்பித் தொடர்வண்டித் துறையில் உயர்ந்த பொறுப்புகளை வகித்தார்.

மாதிரி எதுவும் முழு உண்மையைச் சொல்லாது. இருவர் அமர்ந்த மாதிரியில் கோபுரங்கள் இரண்டே. உண்மைப் பாலத்திலோ மூன்று. ஓரக் கோபுரங்களின் வெளிக்கைகளுக்குச் செங்கற்களைப் போன்ற எதிரெடை உண்டு. நடுக்கோபுரத்தின் இரு கைகளிலும் தொங்குபவை நடுவிட்டங்களே. கட்டி இழுக்க எதிரெடை இல்லை. ஒருபக்கம் மட்டும் வண்டி வந்தால் என்ன ஆகும்? அதற்காகவே நடுக்கோபுரத்தின் அடியை அகலமாக்கினார். ஓரக் கோபுரங்களின் தூண்கள் பாலத்தின் நீளவாக்கில் 145 அடி இடைவெளியில் நிற்க, நடுக்கோபுரத்தின் தூண்கள் 260 அடி இடைவெளியில் நிற்கின்றன. காற்றை எதிர்க்கவும் இதே உத்தியே கையாளப்பட்டது. குறுக்குவாக்கில் அடியில் 120 அடி அகன்றும் உச்சியில் 33 அடியாகக் குறுகியும் கோபுரங்கள் அமைந்துள்ளன. ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் கால்களை அகட்டி வைத்துக்கொள்வது நாம் நாளும் காணும் காட்சி.

எஃகும் உயிரும்

கட்டுமானப் பொறுப்பை ஏற்றவர் வில்லியம் ஆரல். ஏழாண்டுகள் பணி நடந்தது. உச்சக்கட்டத்தில் நான்காயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்தனர். எழுபது அடி விட்டமுள்ள இரும்புக் கூடுகளைக் கடலடியில் இறக்கி, உள்ளே காற்றை அழுத்தி நீரை வெளியேற்றி, அந்த அழுத்தக் காற்றிலேயே ஆட்கள் நின்று அடித்தளம் தோண்டினர். 1885ஆம் ஆண்டின் முதல்நாளில் கூடு ஒன்று சாய்ந்துபோனது. அதனை மீண்டும் நிமிர்த்த மாதக்கணக்கில் ஆயிற்று.

கோபுரங்கள் எழுந்தபின் கைகள் இருபுறமும் சிறிது சிறிதாக நீட்டப்பட்டன. கீழிருந்து சாரம் கட்டவில்லை. அவ்வளவு ஆழமான நீரில் கட்டவும் இயலாது. ஏற்கெனவே கட்டிய பகுதியே அடுத்த பகுதியைத் தாங்கியது. ஒருபக்கம் ஒரு துண்டு நீண்டால் மறுபக்கமும் நீண்டு சமநிலை காத்தது. நடுவிட்டங்களையும் இருமுனைகளிலிருந்தும் நீட்டி நடுவில் சந்திக்கச் செய்தனர். 1889இன் குளிர்ந்த இலையுதிர் காலத்தில் எஃகு சுருங்கியிருந்ததால் துளைகள் பொருந்தவில்லை. நெருப்பு மூட்டிச் சூடேற்றி, எஃகு விரிந்த கணத்தில் இணைத்தனர் என்பது சுவையான செய்தி.

பாலம் விழுங்கிய எஃகு ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல். அடித்த தறையாணிகள் ஏறத்தாழ 65 இலட்சம். இவ்வெண்களைப் பாராட்டிக் கூறுவோர் மற்றோர் எண்ணையும் கூறவேண்டும். பணியின்போது இறந்தோர் 57 பேர் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். பிற்காலத்தில் உள்ளூர் ஆர்வலர்கள் பதிவேடுகளைத் துருவி ஆராய்ந்ததில் அத்தொகை எழுபதைத் தாண்டியது. தவறி விழுவோரை மீட்கப் பாலத்தின் கீழ்ப் படகுகள் நிறுத்தப்பட்டிருந்தன. சிலர் அவ்வாறு காப்பாற்றப்பட்டனர். மக்களின் அச்சத்தைப் போக்கக் கட்டிய பாலம், கட்டியவருள் இத்தனை பேரைக் கொண்டுபோயிற்று. எடை எங்கே செல்கிறது என்று விளக்கும் படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

1890 சனவரியில், ஒவ்வொன்றும் ஆயிரம் அடி நீளமும் 900 டன் எடையும் உடைய இரு வண்டிகளை அருகருகே மெல்லச் செலுத்திப் பாலத்தைச் சோதித்தனர். எஃகு வளைந்த அளவு கணக்கிட்டதற்குள் அடங்கியது. மார்ச் 4ஆம் நாள், பலத்த காற்று வீசிக்கொண்டிருந்தபோது, வேல்ஸ் இளவரசர் பாலத்தைத் திறந்துவைத்தார். விருந்தினருள் பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈஃபிலும் இருந்தார். பேக்கர் அவ்வாண்டே சர் பட்டம் பெற்றார்.

பாலம் உறுதியானது என்று ஒப்புக்கொண்டோருள் சிலர் அது அழகாக இல்லை என்றனர். கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மோரிஸ் அவருள் தலையாயவர். இரும்பாலான எதுவும் அழகாக இருக்கமுடியாது என்பது அவர் எண்ணம். பேக்கர் இதற்கும் எடின்பரோவில் ஆற்றிய உரையொன்றில் விடை கூறினார். ஒரு பொருளின் பயனை அறியாமல் அதன் அழகைத் தீர்ப்பளிக்க இயலாது என்பது அவர் வாதம். ஏதென்சின் பார்த்தினான் கோயிலில் நிற்கும் பளிங்குத் தூண் அழகுதான். அதைத் துளையிட்டு நீராவிக் கப்பலுக்குப் புகைபோக்கியாக நிறுத்தினால் அழகாயிருக்குமா என்ற பொருள்படக் கேட்டார். அழகைப் பற்றிய வாதத்திலும் அவர் எடுத்துக்காட்டையே கையாண்டார். கோட்பாட்டுச் சொற்களை அடுக்கவில்லை. மோரிசின் கருத்து முழுவதும் தவறு என்று கூறிவிட முடியாது; எனினும் உறுப்புதோறும் தன் வேலையை மறைக்காமல் காட்டும் அப்பாலத்தைப் பார்க்குந்தோறும், இவ்வழக்கில் நம் மனம் பேக்கரின் பக்கமே சாய்கிறது.

நைல் நதியும் இறுதி நாள்களும்

பேக்கரின் பிற்காலப் பணிகளுள் பெரியது எகிப்தின் அஸ்வான் அணை. 1898இல் தொடங்கி 1902இல் முடிந்த அக்கல்லணைக்கு அவர் ஆலோசகப் பொறியாளராக விளங்கினார். வெள்ளக் காலத்தில் வண்டலோடு வரும் நீரைத் தடுக்காமல் மதகுகளின் வழியே விட்டுவிட்டு, வெள்ளம் தணிந்தபின் தெளிந்த நீரைத் தேக்குவது அவ்வணையின் முறை. வண்டல் அணைக்குள் தங்கினால் அணை தூர்ந்துபோகும், வயலும் வளமிழக்கும். மேற்பகுதியிலுள்ள ஃபிலே தீவின் பழங்கோயில்கள் நீரில் மூழ்கும் என்று எதிர்ப்பு எழவே, அணையின் உயரத்தைத் தொடக்கத்தில் குறைத்தே கட்டினர். நீர்த்தேவை பெருகியதால் பின்னர் உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்கான திட்டத்தில் பேக்கர் தம் இறுதிக் காலம்வரை ஈடுபட்டிருந்தார். இலண்டன் நிலத்தடிக் குழாய்ப் பாதைகளிலும் அவர் பங்களிப்பு தொடர்ந்தது. பல்கலைக்கழகம் காணாத அவரைப் பொறியாளர் கழகம் தன் தலைவராக்கியது. அறிவியல் அறிஞர்களின் ராயல் சொசைட்டி தன் உறுப்பினராக ஏற்றது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1907ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் பேங்பர்ன் என்னும் ஊரில் தம் இல்லத்தில் காலமானார். ஆக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் இட்பரி சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று உள்ளது. ஃபோர்த் பாலத்தை யுனெஸ்கோ 2015இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன்மீது தொடர்வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.